எதிரணியோடு ஒரே மேசை

ஏப்ரல் கடைசியில் ஒப்பந்த ஆசிரியர்கள் என் மேசைக்கு வந்து அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். செப்டம்பரில் மறுபடி வேலை கிடைத்தால் மறுபடி வந்து வாங்கிக்கொள்ளலாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் அதுதான் வழக்கம். நிரந்தரப் பேராசிரியர்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்தும் சாவியைத் தராமல், கடைசியில் பிள்ளைகள் வந்து கொடுத்துவிட்டுப் போன ஆட்களை எனக்குத் தெரியும். வெர்னா ஷெவ்சுக் மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் தவறாமல் வந்து, சாவியைத் தன் சட்டையில் ஒருமுறை துடைத்து என் முன்னால் வைப்பாள். அப்போது எனக்கு வருகிற கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் நகலெடுக்கும் இயந்திரத்தை இரண்டு தட்டுத் தட்டுவேன்.

நான் நோரீன். கணிதத் துறையின் அலுவலகம் என் பொறுப்பு. யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் தன் பயணச் செலவில் மனைவியின் சாப்பாட்டையும் சேர்த்து எழுதினார், எல்லாம் எனக்கு அத்துப்படி. வாய் கொஞ்சம் நீளம் என்று துறையில் பேச்சு. இருக்கட்டும்.

வெர்னா எங்கள் ஊரான இந்த பிர்ச் ஃபோர்க்குக்கு வடக்கே ஒரு பண்ணையில் பிறந்தவள். அப்பா கோதுமையும் கடுகும் போட்டவர். வீட்டில் எல்லாம் பெண்கள், அதனால் உரிமம் வாங்கும் வயது வருவதற்கு முன்பே தானிய லாரி ஓட்டியவள். வயலின் அந்தக் கோடியில் நிற்கிறவருக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, இன்றைக்கும் அவளுக்கு ரகசியம் பேச வராது. எங்கள் பல்கலைக்கழகத்திலேயே படித்து முதுகலை முடித்தாள். முனைவர் பட்டத்துக்கு வேறு மாகாணம் போக வேண்டும். பெட்டி கட்டிய சமயம் பார்த்து அப்பா கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவடையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நின்றவள் நின்றேவிட்டாள். பிறகு தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் லைலைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பிள்ளைகள் பெற்றாள். முனைவர் பட்டம் இல்லாதவர்கள் இங்கே நிரந்தரம் ஆக முடியாது. ஆகவே ஒப்பந்தம், ஆகவே சாவி.

அவளுக்குக் கொடுத்திருந்த பாடம் செவிலியர் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கான புள்ளியியல். வேறு யாரும் தொடமாட்டார்கள். நோயாளிக்கு ஊசி போடப் படிக்க வந்த பிள்ளைக்கு நிகழ்தகவு என்றால் எட்டிக்காய். வருஷா வருஷம் மூன்றில் ஒரு பங்கு தோற்றுப்போகும். இரண்டு தடவை தோற்றால் செவிலியர் படிப்பில் இடம் போய்விடும். வெர்னா திங்களும் புதனும் எங்களிடம், செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் வேறொரு கல்லூரியில். மதியச் சாப்பாட்டை அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில், பாடம் நடத்துவதையும் கற்பதையும் மேம்படுத்துகிற ஆய்வுகளுக்கென்று ஆண்டுதோறும் ஒரு சிறிய நல்கை தருவார்கள். இயற்பியல்காரர்கள் வாங்குகிற நல்கைகளுக்கு முன்னால் இது வெறும் தூசு. ஆனாலும் அதற்கும் நிரந்தரக்காரர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். ஓர் இலையுதிர் காலத்தில் விதியை மாற்றி, ஒப்பந்த ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். நான் அதைப் படித்துவிட்டு நேரே காப்பி அறைக்குப் போனேன். வெர்னா நின்றுகொண்டே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"அடியே, இந்த வருஷம் கிராண்ட்டு உங்களுக்கும் உண்டாம்."

"எங்களுக்கா? எங்களுக்கு வண்டி நிறுத்தவே எடம் தரமாட்டேங்கறாங்க. கிராண்ட்டு தரப் போறாங்களாக்கும்."

"எழுதித்தான் பாரேன். ஊரெல்லாம் கேக்கற மாதிரி பாடம் நடத்தினா மட்டும் போதுமா?"

"என்னத்தடீ எழுத?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் உயிர வாங்குவியே, அத எழுது."

அதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் ஊர்ப் பனித்தள அரங்கமான ரிங்குக்குக் கர்லிங் ஆடப் போவோம். அவள் ஓர் அணி, நான் எதிரணி. கல்லைத் தள்ளிவிட்டு, துடைப்பத்தால் பனியைத் தேய்த்து, கத்தி, ஒருவழியாக ஆட்டம் முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகமாட்டோம். இரண்டு அணியும் மாடிக்குப் போய் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க முதல் சுற்று வாங்கித் தர வேண்டும். ஜெயித்துவிட்டு உட்காராமல் போனவனை அடுத்த வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். உட்கார்ந்ததும் உப்பு டப்பாக்களைக் கற்களாக வைத்து மொத்த ஆட்டத்தையும் மறுபடி ஆடுவோம். அந்தக் கல்லை ஏன் அங்கே விட்டாய், இந்தப் பக்கம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நடக்கிற சண்டையில் தட்டில் இருக்கிற பெரோகி, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி, ஆறிப்போகும்.

"கீழ ஆடறப்ப நாம ஒண்ணும் கத்துக்கறதில்ல நோரீன்," என்பாள் வெர்னா. "மேல வந்து அடிச்சுக்கறோம் பாரு, அப்பத்தான் கத்துக்கறோம். பரீட்ச எழுதற பசங்களுக்கு அந்த மேல்மாடியே இல்ல. தாள வாங்கிட்டு வெளிய தள்ளிடறோம்."

அதைத்தான் எழுதினாள். ஒவ்வொரு தேர்வையும் மாணவர்கள் முதலில் தனியாக எழுதுவார்கள். தாளை வாங்கிக்கொண்டதும் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து அதே கேள்விகளை மறுபடி எழுத வேண்டும். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே விடைத்தாள். அதற்கும் கொஞ்சம் மதிப்பெண். எது சரி என்று சண்டை போட்டுத்தான் எழுத முடியும். இது அவள் கண்டுபிடித்ததல்ல, வேறு ஊர்களில் செய்திருக்கிறார்கள், அதையெல்லாம் தேடிப் படித்து வைத்திருந்தாள். எங்கள் பிள்ளைகளுக்கு, இந்தப் பாடத்துக்கு, பலிக்குமா என்பதுதான் ஆய்வு. திங்கட்கிழமைப் பிரிவுக்கு இந்த முறை. புதன்கிழமைப் பிரிவுக்குப் பழைய முறை. கடைசித் தேர்வில் இரண்டையும் ஒப்பிடுவது.

துறைத் தலைவர் கெல்வின் ரைமர் கையெழுத்துப் போட வேண்டும். ரைமர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். எண்களைத் தவிர எதையும் நம்பாத மனிதர். ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் ரிங்குக்குள் கால் வைத்ததில்லை. அவர் வெர்னாவையும் என்னையும் உட்காரச் சொல்லி உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"டீன் அலுவலகத்துல ஒரு யோசனை ஓடுது. செப்டம்பர்ல ரெண்டு பிரிவையும் சேத்துப் பெரிய அரங்கத்துல போட்டுரலாம்கறாங்க. நிரந்தர ஆள் ஒருத்தர் போதும்."

"அந்த ஒருத்தர் நான் இல்ல, அதானே?" என்றாள் வெர்னா.

"நீங்க இல்ல. ஆனா உங்க முறை பலிக்குதுன்னு ஆதாரம் கொண்டு வாங்க. சின்னப் பிரிவா இருந்தாத்தான் அத நடத்த முடியும். அத வச்சு உங்களுக்கு மூணு வருஷப் பதவி கேட்டு நானே டீன்கிட்ட போறேன்."

"பலிக்கலன்னா?"

"பலிக்கலன்னா நான் என்ன சொல்ல முடியும், வெர்னா."

டிசம்பரில் நல்கை கிடைத்த செய்தி வந்தது. வெளியே மூச்சு உறைகிற குளிர். வெர்னா எழுதுபொருள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுவது துறை முழுக்கக் கேட்டது. அவளுக்குத்தான் எதையும் மெதுவாகச் செய்ய வராதே.  இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வருஷம் உழைத்தவளை ஒரு காகிதமாவது ஆய்வாளர் என்று சொன்னதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்து ஆய்வு நெறிமுறைக் குழு. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வும் அவர்கள் கண்ணில் படாமல் போகாது. இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். நாங்கள் யோசிக்காததா? ஒவ்வொரு தேர்வுக்கும் பிரிவுக்கு ஒரு தனிக் கேள்வித்தாள். தாள்கள் என் அலமாரியில், பூட்டு என் பொறுப்பில். இன்னொரு பிரிவோடு தேர்வைப் பற்றிப் பேசமாட்டேன் என்று ஒவ்வொரு மாணவரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து எங்களுக்கே பெருமை. அந்த அலமாரியை நான் திறந்து மூடிய தோரணையைப் பார்த்தால் உள்ளே தங்கம் இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள்.

ஜனவரியில் தொடங்கியது. திங்கட்கிழமைத் தேர்வு நாட்களில் அந்த வகுப்பு சந்தைக் கடை. "நீ சொல்றது தப்பு", "எப்படித் தப்பு, காட்டு" என்று ஒரே கூச்சல். பக்கத்து வகுப்புக்காரர் என்னிடம் வந்து புகார் சொன்னார், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். புதன்கிழமை வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும். தாளைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வரும்.

அந்தப் புதன்கிழமைப் பிரிவில் ஜெய்டா கார்டினல் என்று ஒரு பெண். வடக்கே இருக்கிற க்ரீ பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வந்தவள். போன வருஷம் வேறொருவரிடம் இதே பாடத்தில் தோற்றிருந்தாள், இது இரண்டாவது தடவை. முதல் தேர்வு முடிந்த அன்றைக்கு என் மேசைக்கு எதிரிலேயே வெர்னாவை நிறுத்திவிட்டாள்.

"வெர்னா, அந்த நாலாவது கேள்வி எனக்குப் புரியவே இல்ல. எங்க தப்புப் பண்ணேன்னு சொல்றீங்களா?"

வெர்னாவின் கை தானாக நாற்காலியை இழுத்தது. பிறகு விட்டுவிட்டது. "விடை வெளிய பலகையில ஒட்டியிருக்கும்மா. பாத்துக்கோ," என்றாள்.

பழைய முறை என்றால் அதுதான். ஜெய்டா போனதும் வெர்னா நின்றபடியே குனிந்து என் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"சொல்லிக் குடுத்துத் தொலையேண்டி," என்றேன். "ஒரு பொண்ணுக்குச் சொன்னா குடியா முழுகிரும்?"

"ஒருத்திக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும். எல்லாருக்கும் சொன்னா ஒப்பிட ஒண்ணும் இருக்காது. ஆய்வு போச்சு. அது போனா இந்தப் பொண்ண மாதிரி அடுத்த வருஷம் வர்ற அத்தன பேரும் அந்தப் பெரிய அரங்கத்துல கடைசி வரிசையில உக்காந்து தோத்துப் போவாங்க. நானும் இருக்கமாட்டேன்."

"அப்ப இவ?"

"கேக்காத நோரீன். ராவெல்லாம் அதத்தான் நானே கேட்டுக்கறேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் கல்லை நேராக விடக்கூட வரவில்லை. எங்கள் அணி வரிசையாக ஜெயித்தது. நான்தான் முதல் சுற்று வாங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் கடைசித் தேர்வு. இரு பிரிவுக்கும் ஒரே தாள், ஒரே நேரம். மதிப்பெண் எல்லாம் போட்டு முடித்ததும் வெர்னா கணக்குப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு என்னைக் கூட்டிப் பார்க்கச் சொன்னாள். திங்கட்கிழமைப் பிரிவு அருமையாக எழுதியிருந்தது. புதன்கிழமைப் பிரிவும் அதே அளவுக்கு அருமையாக எழுதியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

ரைமர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம்.

"ரெண்டு பிரிவுலயும் கிட்டத்தட்ட எல்லாரும் பாஸு, கெல்வின்," என்றேன் நான். "ஜெய்டா உள்பட. இந்தப் பாடத்துல இப்படி எப்பவாவது நடந்திருக்கா?"

"நடந்ததில்ல. ஆனா முறை குடுக்காத பிரிவும் அதே மார்க் வாங்கியிருக்கே. அப்ப மார்க் ஏறினதுக்கு முறை காரணம் இல்ல. இந்த வருஷப் பசங்க கெட்டிக்காரங்களா இருக்கலாம். தாள் சுலபமா இருந்திருக்கலாம்." அவர் வெர்னாவைப் பார்த்தார். "ஒப்பிடறதுக்குன்னு ஒரு பிரிவ வச்சதே இதுக்குத்தானே."

"அவர் சொல்றது சரி நோரீன்," என்றாள் வெர்னா. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவான குரலில்.

அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அந்த வார இறுதியிலேயே வெர்னா அட்டைப்பெட்டி கொண்டுவந்து புத்தகங்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள். மாத முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. செவ்வாய், வியாழன் போகிற கல்லூரியில் கூடுதலாக ஒரு வகுப்பு தருவார்கள், தானியக் கிடங்கில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்கள் என்று லைல் சொன்னான், பார்க்கலாம் என்றாள். தானியக் கிடங்கில் வெர்னா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஒலிப்பானை அழுத்தினேன்.

"கெளம்பு. ரிங்குல இன்னும் ரெண்டு வாரந்தான் பனி இருக்கும்."

"ஞாயித்துக்கிழம நம்ம ஆட்டம் இல்லியே. அது பசங்க ஆடற நாளு."

"பசங்க ஆடறதப் பாத்துக்கிட்டு பெரோகி தின்னலாம். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்கார என்னால ஆகாது."

மாடியில் உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொண்டோம். கீழே பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆடி முடித்து, கூச்சலும் சிரிப்புமாக மேலே ஏறி வந்தார்கள். ஜெய்டா எங்களைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். கூட வந்த பெண்களோடு ஏதோ குசுகுசுவென்று பேசினாள். பிறகு எங்கள் மேசைக்கு வந்தாள். 

"வெர்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் மார்க்கக் கொறச்சாலும் பரவால்ல. மனசு உறுத்துது."

"உக்காரு. என்ன ஆச்சு?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்தோமே, தேர்வப் பத்திப் பேசமாட்டோம்னு. நாங்க பேசிட்டோம்."

வெர்னாவின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. "கேள்விய முன்னாடியே சொல்லிட்டாங்களா?"

"ஐயோ இல்ல, சத்தியமா இல்ல. ரெண்டு பிரிவும் எழுதி முடிச்ச பெறகுதான். ஞாயித்துக்கிழம ஆட்டம் முடிஞ்சா எதிரணியோட உக்காரணும்ல. எங்களுக்கு எதிரணி திங்கக்கிழமப் பசங்கதான். மொத வாரம் உக்காந்ததும், வகுப்புல போட்ட சண்டய முடிக்காம அப்படியே இங்க கொண்டு வந்துட்டாங்க. நாங்க கேட்டுக்கிட்டே இருந்தோம். அப்புறம் எங்க தாள்ல வந்த கேள்வியையும் நடுவுல போட்டோம். அந்த நாலாவது கேள்வி எனக்கு இங்கதான் புரிஞ்சுது." அவள் கண் கலங்கியது. "அப்புறம் ஒவ்வொரு தேர்வுக்கும் இதே கதைதான். ஆடாதவங்ககூட சும்மா பெரோகிக்குன்னு வர ஆரம்பிச்சுட்டாங்க."

"எத்தன பேரு?"

"எங்க பிரிவுல... வராதவங்கதான் கொஞ்சம்."

வெர்னா என் பக்கம் திரும்பினாள். 

"நோரீன், நீ எத்தன வருஷமா என் எதிரணி?"

"யாரு கணக்கு வச்சா."

"ஆட்டம் முடிஞ்சு நான் யாரோட உக்காருவேன்? என் அணியோட மட்டுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மாடியிலிருந்து யோசனையை எடுத்துக்கொண்டு போனவள் அவள். அதை எழுதச் சொன்னவள் நான். ஒரு பிரிவை இந்தப் பக்கம், இன்னொரு பிரிவை அந்தப் பக்கம் என்று பிரித்து, அலமாரியைப் பூட்டி, கையெழுத்தெல்லாம் வாங்கினோம். எதிரணிகள் இந்த ஊரில் எங்கே போய் உட்காரும் என்பதை மட்டும் இருவரும் மறந்துபோனோம். வேறு ஊர்க்காரன் மறந்திருந்தால் மன்னிக்கலாம்.

வெர்னா சிரித்தாள். அவள் சிரித்தால் கீழே பனியில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், பார்த்தார்கள். ஜெய்டாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் பெண் தண்டனைக்குத் தயாராக வந்தவள், ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"என் ஆய்வ நாசம் பண்ணிட்டீங்கடி," என்றாள் வெர்னா. "நல்லா இருங்க."

மறுநாள் காலையில் அவள் நெறிமுறைக் குழுவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். புதன்கிழமைப் பிரிவில் யார் யார் ரிங்குக்கு வந்தார்கள் என்று கேட்க அனுமதி வாங்கினாள். குழுத் தலைவி சிரித்துக்கொண்டே அன்றைக்கே கையெழுத்துப் போட்டாள். அவளும் செவ்வாய்க்கிழமை மாலைகளில் ரிங்கில் ஆடுகிறவள்தான். கேட்டுப் பார்த்ததில், வந்தவர்களுக்குத்தான் மதிப்பெண் ஏறியிருந்தது. வராத சிலர் பழைய வருஷத்துப் பிள்ளைகளைப் போலவே எழுதியிருந்தார்கள்.

ரைமர் அதையும் பார்த்தார். "ரிங்குக்கு வந்தவங்க ஏற்கெனவே படிப்புல ஆர்வமா இருந்தவங்களா இருக்கலாமே," என்றார்.

"இருக்கலாம்," என்றாள் வெர்னா.

எனக்குத் தாங்கவில்லை. "கெல்வின், ஒரு ஞாயித்துக்கிழம வந்து ஒங்க கண்ணால பாருங்க. கண்ணால பாக்கறது எண் ஆகாது, தெரியும். இருந்தாலும் வாங்க."

"ஒரு நிபந்தனை," என்றாள் வெர்னா. "வாயத் தொறக்கக் கூடாது. யார் தப்பாச் சொன்னாலும் திருத்தக் கூடாது."

ரைமருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று துறைக்கே தெரியும். ஆனால் வந்தார். பருவத்தின் கடைசி ஞாயிறு. ஆளுக்கொரு பாத்திரத்தில் ஏதாவது சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளைகள் அவரைக் கவனிக்கவே இல்லை, நடு மேசையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமைப் பிரிவின் பிரெட் என்கிற உயரமான பையனும் ஜெய்டாவும்.

"பரிசோதன பத்துக்கு ஒம்போது நோயாளியச் சரியாக் கண்டுபிடிக்குது," என்றான் பிரெட். "அப்ப 'இருக்கு'ன்னு வந்தா பத்துக்கு ஒம்போது நோய் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"உன்ன மாதிரி நர்ஸு கெடச்சா ஊரே ஒப்பாரி வைக்கும்," என்றாள் ஜெய்டா. உப்பு, மிளகுப் பொட்டலங்களை அள்ளி மேசையில் கொட்டினாள். "ஆயிரம் பேரு வர்றாங்க. நோய் பத்துப் பேருக்குத்தான். அதுல ஒம்போது பேர 'இருக்கு'ன்னு சொல்லிரும். இந்தா, ஒம்போது மிளகுப் பொட்டலம். ஆனா ஒண்ணுமே இல்லாத ஆளுங்கள்லயும் ஒரு நூறு பேர 'இருக்கு'ன்னு தப்பாச் சொல்லிருதுல்ல? அது இந்த உப்பு. எல்லாத்தையும் கலந்துட்டேன். இப்ப கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடு."

பிரெட் எடுத்தான். உப்பு. மறுபடி எடுத்தான். உப்பு.

"அந்த உப்பு ஒரு அம்மான்னு வச்சுக்கோ, அவங்ககிட்ட போய் உங்களுக்கு நோய் வந்திருச்சுன்னு சொல்லிருவியா?" என்றாள் ஜெய்டா. "அவங்க அழுதா உன் தோள்லயா சாஞ்சுப்பாங்க?"

மேசை முழுக்கச் சிரித்தது. பிரெட் தலையைச் சொறிந்துகொண்டு, "இரு இரு, அப்ப ரெண்டாவது தடவையும் பரிசோதிச்சா?" என்றான். அவ்வளவுதான், மறுபடி சண்டை. ரைமரின் வாய் இரண்டு மூன்று தடவை திறந்தது. வெர்னா ஒவ்வொரு தடவையும் ஒரு பெரோகியை அவர் தட்டில் வைத்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார். விளக்கை அணைக்கும்வரை அங்கேயே இருந்தார்.

வெளியே வண்டியருகே நின்றபோது, "இத ஆதாரம்னு எழுத முடியாது," என்றார்.

"முடியாது," என்றாள் வெர்னா.

"ஆனா இன்னும் மூணு வருஷம் பாக்க வேண்டிய விஷயம்னு எழுதலாம். மூணு வருஷம் பாக்கணும்னா அதுக்கு ஆள் இருக்கணும்." கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "அந்த உருளைக்கிழங்கு வச்சது யார் செஞ்சாங்க?"

அவர் டீனிடம் போனது எனக்குத் தெரியும். என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நாள் ஓடியது. ஏப்ரல் கடைசி நாள் வெர்னா வந்தாள். அட்டைப்பெட்டிகள் லாரியில் ஏறியிருந்தன. சாவியைச் சட்டையில் துடைத்தாள், என் முன்னால் வைத்தாள்.

டீன் அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் எனக்குத் தகவல் வந்திருந்தது. அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்று ரைமரின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வைத்திருந்தேன். நீட்டி முழக்கிச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.  ஆனால் சாவியைப் பார்த்ததும் அதை அவள் பக்கமே தள்ளினேன்.

"என்னடி?" என்றாள்.

"மூணு வருஷத்துக்கு இத என் கண்ணுல காட்டாத."

 வெர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். என் அலுவலகத்தில் அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே இல்லாமல் அழுதாள். நானும் அழுதேன். எங்கே தட்டுவது என்று தெரியாமல், பழக்கத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தையே தட்டினேன்.

"பெட்டியெல்லாம் எறக்கணும்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நாளைக்கு எறக்கலாம். ஜெயிச்சவதான் மொத சுத்து வாங்கணும். கெளம்பு."

"ரிங்குல பனிய எடுத்துட்டாங்களே."

"மாடி தொறந்துதான் இருக்கு."

கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பித் துறைத் தலைவரின் அறைப் பக்கம் பார்த்து, கட்டிடம் அதிர ஒரு குரல் கொடுத்தாள்.

"கெல்வின், கெளம்புங்க. எதிரணி இல்லாம நாங்க எப்படி உக்காருறது?"